மறு: ‘கீப் அன் ஐ அவுட் ஃபார்’ – கண்காணிப்பு பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

மீனவர் புயல் கையேட்டின் தமிழ் வரைவில் ‘கீப் அன் ஐ ஆன்’, ‘கீப் அன் ஐ அவுட் ஃபார்’ என்ற ஆங்கிலத் தொடர்கள் இரண்டுக்கும் ‘கண்காணி’ என்றே இருக்கிறது. முதலாவதற்குச் சரி. இரண்டாவதற்கு ஒத்துவராது.

‘ஆன்’ வந்தால் பார்க்க வேண்டியது ஏற்கெனவே இருக்கிறது: அடுப்பில் பால், கட்டிய படகு. ‘அவுட் ஃபார்’ வந்தால் அது இன்னும் வரவில்லை. இரண்டையும் கலந்து ‘அவுட் ஆன்’ என்று எழுதுவது பிழை. தமிழில் ‘அவுட் ஃபார்’ செய்யும் வேலையை வினா ‘ஆ’ செய்கிறது: “படகு மேல ஒரு கண்ணு வெச்சுக்க”, “காத்து திரும்புதான்னு பாத்துக்கிட்டே இரு”. (அந்த ‘ஒரு’வை விட்டுவிடாதீர்கள். வெறும் ‘கண்ணு வெச்சான்’ என்றால் ஆசைப்பட்டான், கண்ணேறு பட்டது என்றாகிவிடும்.)

வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கையில் முதல் கட்டம் ‘ப்ரீ சைக்ளோன் வாட்ச்’, 72 மணி நேரம் முன்பு. அடுத்த இரண்டும் 48, 24 மணி நேரம் முன்பு வருபவை. முதல் கட்டத்தில் புயல் உருவாகாமலும் இருக்கலாம். அங்கே ‘புயல் கண்காணிப்பு’ என்று போட்டால், கடலில் புயல் நிற்கிறது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரை கடந்த கடலூர்–புதுவைக் கரையில் இந்தக் குழப்பம் கூடாது.

துறைமுகத்தில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாளில் இரண்டு சொல்லும் வேண்டும். தொலைவில் இருக்கும் தாழ்வு மண்டலத்தைக் கண்காணிக்கிறோம். அது புயலாகுமா என்று நோக்குகிறோம்.

முதல் கட்டத்தின் பெயரில் ‘எதிர்பார்ப்பு’ என்றால் விருப்பத்தின் பக்கம் சாயும். ‘எதிர்நோக்கு’ என்றாலோ சந்திப்பது, சமாளிப்பது என்ற பொருள் முந்திக்கொள்ளும். ‘வரவுநோக்கு’ என்று வைக்கலாம்.

– கடலூரிலிருந்து

•

அம்மா, வணக்கம்.

வேறுபாட்டை ஏற்கிறேன். ‘வரவு’ தனியே நின்றால் கணக்குப் புத்தக வாடை வீசும். ‘புயல் வரவுநோக்கு’ என்று சேர்த்தே எழுதுவோம், அந்த மயக்கம் வராது. ஆனால் அதைக் கட்டத்தின் பெயராக மட்டும் வைத்துக்கொள்வோம். ‘வரவுநோக்குங்கள்’ என்று ஏவலாக்கினால் படகில் இருப்பவருக்குப் புரியாது. அறிவுரை வரிகளில் “புயல் உருவாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்” என்றே போடுகிறேன்.

‘கண்காணிப்பு’ 1ஆம் எண் கூண்டுப் பகுதியில் தாழ்வு மண்டலத்தோடு மட்டும் வரும். திருத்திய பக்கத்தை நாளை அனுப்புகிறேன்.

– புதுவையிலிருந்து