"வாகைச்செக்கு"ங்கற பேருக்கு டிரேட்மார்க் அப்ஜெக்‌ஷன் வந்திருக்கு, என்ன பண்ணலாம்?

செக்கடிக்காரன்:
ஈரோடு பக்கம் கடலை, எள்ளு, தேங்கா எண்ணெய் ஆட்டி பாட்டில் போட்டு விக்கறோங்க. செக்கு வாகை மரத்துல செஞ்சது, அதனால "வாகைச்செக்கு"ன்னு பேர் வச்சு கிளாஸ் 29ல (சமையல் எண்ணெய் வர்ற பிரிவு) அப்ளை பண்ணோம். எக்ஸாமினேஷன் ரிப்போர்ட்ல செக்‌ஷன் 9(1)(பி), பேர் பொருளோட தன்மையத்தான் சொல்லுதுன்னு போட்டிருக்காங்க. வேற யாரும் இந்தப் பேர எடுக்கலைன்னு தேடிப் பாத்துட்டுத்தானே போட்டோம், அப்புறம் என்னவாம்? கட்டின 4500 ரூபா அவ்ளோதானா?

குறிஞ்சிவாசி:
யாராச்சும் முன்னாடியே எடுத்திருக்காங்களாங்கறது செக்‌ஷன் 11. இது அது இல்லீங்க. வாகைல செக்கு வச்சிருக்கவங்க எத்தன பேரு, அவங்கல்லாம் பாட்டில்ல அத எழுதக்கூடாதுன்னு உங்க பேர்ல மட்டும் பட்டா போட்டுத் தரமாட்டாங்க. தமிழ்ல வச்சா தப்பிச்சுரும்னும் நினைக்காதீங்க, வனஸ்பதிக்கு "ரசோய்"னு (ஹிந்தில சமையல்னு அர்த்தம்) கேட்ட கேஸ்லயே 1955ல கல்கத்தா ஹைகோர்ட் ஒத்துக்கல.

ஆனா இன்னும் ரிஜெக்ட் ஆகல. ரிப்போர்ட் கைக்கு வந்ததுல இருந்து 30 நாளுக்குள்ள பதில் போட்டுருங்க, விட்டா அப்ளிகேஷனே கைவிட்டதா ஆயிடும். டிஎம்-ஏங்கற அப்ளிகேஷன் ஃபார்ம்ல எப்ப இருந்து யூஸ் பண்றதா போட்டீங்க?

செக்கடிக்காரன்:
"ப்ரொபோஸ்டு டு பி யூஸ்டு"ன்னு இருக்குங்க. ஃபைல் பண்ணிக் குடுத்தவர் போட்டது. ஆனா நாங்க அதுக்கு முன்னாடியே வித்துட்டுத்தான் இருந்தோம், பில்லு கூட இருக்கு.

குறிஞ்சிவாசி:
அடப்பாவமே, அங்கதான் சிக்கல். வெறும் விளக்கமா இருக்கற பேரா இருந்தாலும், அப்ளை பண்ற தேதிக்கு முன்னாடியே ஜனங்க மத்தியில உங்க சரக்குன்னு அடையாளம் ஆயிடுச்சுன்னா குடுக்கலாம்னு அதே செக்‌ஷன்ல விதிவிலக்கு இருக்கு. அதுக்கு பில்லு, விளம்பரம், அஃபிடவிட் எல்லாம் வேணும். நீங்க இனிமேதான் யூஸ் பண்ணப்போறோம்னு எழுதிக் குடுத்துட்டு ஹியரிங்ல பழைய பில்ல நீட்டினா ஆபீசர் மொதல்ல அந்த ஃபார்மத்தான் காட்டுவார்.

கொங்குத்தென்றல்:
லோகோவோட சேத்து போட்டா கிடைச்சுரும் ப்ரோ, நெறைய பேர் அப்படித்தான் வாங்கறாங்க

குறிஞ்சிவாசி:
கிடைக்கும், ஆனா செக்‌ஷன் 17 படி மொத்த லோகோவுக்குத்தான் உரிமை, அதுக்குள்ள இருக்கற "வாகைச்செக்கு"க்கு தனியா இல்ல. அட ரிஜிஸ்டர் ஆனாலும் இதே பிரச்சனதான், மேரிகோங்கற எண்ணெய் கம்பெனி "லோசார்ப்"னு ரிஜிஸ்டர் பண்ணி வச்சிருந்தும் சன்ட்ராப் எண்ணெய்க்காரங்க "லோ அப்சார்ப்"னு போட்டத தடுக்க முடியல, எண்ணெய் கம்மியா உறிஞ்சும்னு சொல்றதுதானேன்னு 2010ல டெல்லி ஹைகோர்ட் தள்ளிவிட்டுருச்சு. என்னக் கேட்டா எண்ணெய்க்கே சம்பந்தமில்லாத ஒரு பேர் யோசிச்சு புதுசா ஃபைல் பண்ணுங்க, இந்த வாட்டி யூசர் டேட்டும் (எப்ப இருந்து யூஸ் பண்றோம்ங்கற தேதி) நீங்களே படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

செக்கடிக்காரன்:
லேபிள் கட்டுக்கட்டா அடிச்சு வச்சிருக்கோமேங்க?

குறிஞ்சிவாசி:
தூக்கிப் போட வேண்டாம். புதுப் பேர மேல ஸ்டிக்கரா ஒட்டுங்க, கீழ "வாகைச்செக்குல ஆட்டினது"ன்னு இருந்துட்டுப் போகட்டும், உள்ளதச் சொல்றத யாரும் கேக்க முடியாது. வட்டத்துக்குள்ள ஆர் மட்டும் ரிஜிஸ்டர் ஆகற வரைக்கும் போட்டுறாதீங்க.