கடவுளை நம்பாத யூதர்களோடு பழகியவர்கள் இருந்தால் எழுதுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். டெட்ராய்ட் பக்கம் வேலையில் இருந்தபோது, 2012 வாக்கில், எங்கள் டீமில் இருந்த ஒரு பெரியவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபார்மிங்டன் ஹில்ஸில் இருந்த தங்கள் கோயிலுக்குக் கூப்பிட்டார். பர்மிங்ஹாம் டெம்பிள் என்று பெயர். காரில் போகும்போதுதான், "எங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது" என்றார். அப்புறம் கோயில் எதற்கு என்று கேட்டேவிட்டேன். "வந்து பாருங்கள்."

மற்ற யூதக் கோயில்களில் தோரா என்னும் வேதச் சுருள் வைக்கும் பேழை இருக்குமே, அந்த இடத்தில் சுவரில் எபிரேய எழுத்தில் பெரிதாக ஒரே சொல்: ஆதாம். மனிதன் என்று அர்த்தம். தோராவை நூலகத்தில் வைத்திருந்தார்கள். தூக்கி எறியவும் இல்லை, வழிபடவும் இல்லை, உட்கார்ந்து படிக்கிறார்கள்.

மெழுகுவர்த்தி ஏற்றும்போது வழக்கமாக இறைவனைப் போற்றித்தான் தொடங்குவார்கள். இவர்கள் "பாரூக் ஹா-ஓர் பா-ஓலாம்" என்றார்கள், உலகில் உள்ள ஒளி போற்றப்படுக என்று. அன்று ஏற்றியது அந்தப் பெரியவர்தான். கை நடுங்கித் திரியில் தீ பிடிக்கவே இல்லை, அவர் மனைவி வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

இந்தச் சபையை 1963ல் எட்டுக் குடும்பங்களோடு தொடங்கியவர் ஷெர்வின் வைன், முறைப்படி பட்டம் பெற்ற ரபி, அதாவது யூத மதகுரு. மனம் ஏற்காததை வாய் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

டொராண்டோவிலிருந்து:
என் தோழி வீட்டிலும் இதே வழிதான். அவள் மகளுக்கு பாத் மிட்ஸ்வா, அதாவது பெண் பிள்ளை வயதுக்கு வந்த பொறுப்பை ஏற்கும் யூதச் சடங்கு, செய்தார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தோரா பகுதியை ராகத்தோடு ஓதுவது வழக்கம், இந்தப் பெண் அதற்குப் பதிலாக ஒரு யூத ஆளுமையைத் தேர்ந்தெடுத்து மாதக்கணக்கில் படித்து, சபை முன்னால் பேசினாள். அவள் எடுத்தது ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், டிஎன்ஏவை எக்ஸ்ரேயில் படமெடுத்த ஆய்வகத்தில் உழைத்து 37 வயதில் புற்றுநோயில் போனவர். கடவுளை விட்ட பிறகும் ஏன் யூதர் என்று சொல்லிக்கொள்கிறீர்கள் என்று தோழியைக் கேட்டேன். "என் பாட்டியை விட முடியாதே" என்றாள். மொழி, சாப்பாடு, பண்டிகை, பட்ட பாடு எல்லாம் அவர்களுக்கு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நியூயார்க்கிலிருந்து:
எங்கள் மாடியில் இருந்த அம்மா வொர்க்கர்ஸ் சர்க்கிள் நடத்திய இத்திஷ் பள்ளியில் படித்தவர். இத்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழி. வொர்க்கர்ஸ் சர்க்கிள், குடியேறி வந்த யூதத் தொழிலாளிகள் சேர்ந்து 1900ல் தொடங்கிய சங்கம். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கும் பஸ்கா பண்டிகை விருந்துக்குக் கூப்பிட்டார். போலந்தின் வார்சாவில் நாஜிகள் அடைத்து வைத்த பகுதியில் யூதர்கள் அவர்களை எதிர்த்து எழுந்த வார்சா கெட்டோ கிளர்ச்சி 1943ல் பஸ்காவுக்கு முந்தைய நாள்தான் தொடங்கியதாம், ஏப்ரல் 19. அதனால் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று இத்திஷில் ஒரு போராளிப் பாட்டு பாடினார்கள். அந்த அம்மாவால் நிற்க முடியாது, மேசையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை நின்றார்.

மறுபடி நான்தான். டெட்ராய்ட்டில் என்னைக் கூட்டிப்போன அந்தப் பெரியவர் இறந்த வருடம், யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அன்று அவர் மனைவி கூப்பிட்டார். அன்று இறந்தவர்களை நினைக்க ஒரு நிகழ்ச்சி உண்டு, நிஸ்கோர் என்கிறார்கள், நினைவில் வைப்போம் என்று பொருள். மறுமை, சொர்க்கம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அவரவர் பிரிந்தவர்களின் பெயரைச் சொன்னார்கள், அவ்வளவுதான். என் பக்கம் வந்தபோது அந்த அம்மா, "உங்களுக்கும் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன்.