ஸ்கிரீன் ரீடர் வச்சு மிக்சிங் பண்ண எந்த சாஃப்ட்வேர்?

தபேலா_தம்பி: எனக்கு கண்ணு தெரியாது, திரைல இருக்கறத வாசிச்சு சொல்ற என்விடிஏங்கற ஸ்கிரீன் ரீடர் வச்சுதான் கம்ப்யூட்டர் ஓட்டுறேன். காசு குடுத்து வாங்கின ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல எங்க டேப் தட்டினாலும் "பட்டன், பட்டன்"னே சொல்லுது, சத்தம் கூட்டிக் குறைக்கிற ஃபேடர் எங்கன்னே தெரியல. வேற வழி இருக்காண்ணா?

ராத்திரி_மிக்சர்: ரீப்பர்னு ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போடுங்க தம்பி, 60 நாள் ட்ரையல். கூடவே ஒசாரான்னு ஒரு எக்ஸ்டென்ஷன், ஃப்ரீதான், அம்பு கீய தட்டினா டிராக் பேரு, மியூட்ல இருக்கா எல்லாம் சொல்லிடும்.

தபேலா_தம்பி: சத்தத்துக்கு எஃபெக்ட் போடுற பிளகின்? அதெல்லாம் படமா வரைஞ்சு வச்ச நாப் தானே, ஸ்கிரீன் ரீடர் எப்படி படிக்கும்?

ராத்திரி_மிக்சர்: ஒசாரா இருந்தா P கீ தட்டுங்க, த்ரெஷோல்ட், ரேஷியோன்னு பிளகின் செட்டிங் எல்லாம் லிஸ்டா வரும், அங்கயே மாத்திக்கலாம். சில பிளகின்ல பேரே ஒழுங்கா வராது, கடுப்பாகும்.

மேக்_மாமா: மேக்னா லாஜிக் ப்ரோ, மேக்லயே வர்ற ஸ்கிரீன் ரீடர் வாய்ஸ்ஓவரோட ஓடும். ஸ்கிரீன் ரீடர் குரல தனி ஸ்பீக்கர்ல விடுங்க, இல்லனா பாட்டோட கலந்து தலைவலிதான்.