சிமியோனேயின் 4-4-2: எங்கே பிடித்தது, எங்கே விட்டது

கோலுக்கு முன்னால் பத்துப் பேரைக் குவித்தே ஜெயித்தார் என்று அத்லெட்டிக்கோ மாட்ரிட் கால்பந்து அணியின் பயிற்சியாளர் டியேகோ சிமியோனேயைச் சொல்வது அநியாயம். பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர் நிற்பது 4-4-2. 2013-14 அத்லெட்டிக்கோவில் நடு நால்வரில் ஓரத்தில் ஆட வேண்டிய கோக்கேயும் அர்தா துரானும் உள்ளே நெருங்கி நிற்பார்கள். நடுவில் வழி கிடைக்காத எதிரணி பந்தை ஓரத் தடுப்பாட்டக்காரரான ஃபுல் பேக்குக்குத் தள்ளும். அதற்குத்தான் காத்திருப்பார்கள். பந்து அங்கே போனதும் மூன்று பேர் பாய்வார்கள். அவருக்கு வெளிப்பக்கத்தை எல்லைக்கோடே அடைத்துவிடும். ஆபத்து எதிர் ஓரத்தில். அங்கே நீளமான பாஸ் போனால் இரண்டு வரிசையும் ஒன்றாக நகர வேண்டும், ஒருவர் பிந்தினாலும் இடைவெளி விழும். உடற்பயிற்சியாளர் ஒர்த்தேகா இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை.

—

உடல் தேய்ந்தால் என்னாகும் என்பதற்கு லிஸ்பன், 2014 மே 24, ரியல் மாட்ரிட்டுடன் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். தொடைத் தசைக் காயத்தோடு இறங்கிய டியேகோ கோஸ்தா 9-வது நிமிடத்திலேயே வெளியேறினார். அனுமதித்த மூன்று ஆள் மாற்றில் ஒன்று அப்போதே போயிற்று. 83-வது நிமிடத்தில் ஃபிலிப்பே லூயிஸும் வெளியேற, மூன்றும் தீர்ந்தன. 36-வது நிமிடத்தில் கோடின் அடித்த கோலை 93 வரை காத்தார்கள். ரியலின் மோட்ரிச் அடித்த கார்னரில் ராமோஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் நொண்டிக்கொண்டிருந்த ஹுவான்ஃபிரானை மாற்ற ஆள் இல்லை. டி மரியா அந்தப் பக்கமாகத்தான் புகுந்தார், 110-இல் பேல் முட்டினார். ரியல் வென்ற 4-1 என்ற ஸ்கோர் அந்த இரவைச் சரியாகச் சொல்வதில்லை. கோஸ்தாவை இறக்கியதுதான் தவறு; ஒரு வாரம் முன்பு பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நோவிலும் அவர் பாதியில் வெளியேறியிருந்தார்.

—

அதே கேம்ப் நோவில் ஸ்பெயின் லீக்கை வென்று தந்ததும் கார்னர்தான்: பந்தை உதைத்தவர் காபி, முட்டியவர் கோடின், 1-1. பட்டத்துக்கு அந்தச் சமநிலையே போதுமானது. சிமியோனே ஆடிய காலத்திலும் இதுவே அவர் பலம். நடுகள ஆட்டக்காரர், ஆனால் பந்து பெனால்டி பெட்டிக்குள் வரும் நேரம் பார்த்து ஓடுவார். 2000 ஏப்ரல் 1, தூரினில் யுவென்டஸை அவர் ஆடிய இத்தாலிய அணி லாசியோ 1-0 என வென்றது வெரோன் கொடுத்த பந்தை அவர் முட்டியதால். அந்த சீசன் பட்டம் ஒரே புள்ளியில் லாசியோவுக்கு வந்தது.

—

அத்லெட்டிக்கோ மீண்டும் லீக்கை வென்ற 2020-21-ஐயும் சேர்க்க வேண்டும். அப்போது பின்வரிசையில் மூவர், இடது ஓரம் முழுக்கக் கராஸ்கோ. பார்சிலோனா விட்டுவிட்ட சுவாரெஸ் லீக்கில் 21 கோல். கடைசி நாள் வயதோலித்துடன் 2-1, வெற்றி கோல் அவருடையது.