கட்டுரை அப்பா பெயருக்குப் போய்விடுகிறது – ஏபிஏ சந்தேகம்

கேள்வி (சோமனூர்):
விசைத்தறிக் கூலி பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். மேற்கோளுக்கும் நூற்பட்டியலுக்கும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகம்) ஏழாம் பதிப்பு முறை கேட்டிருக்கிறார்கள். திருப்பூர் பற்றி ஷரத் சாரி எழுதிய 2004 நூல், கொங்கு பற்றி பிரெண்டா பெக் எழுதிய 1972 நூல், இரண்டும் சிக்கலில்லாமல் பட்டியலில் உட்கார்ந்துவிட்டன. நம்மவர்கள் பெயரில்தான் தடுமாற்றம். உதாரணத்துக்கு, ஆய்விதழில் 'செல்வம் கந்தசாமி' என்று இருந்தால், நூற்பட்டியல் போடும் ஜோட்டரோ மென்பொருள் 'கந்தசாமி, செ.' ஆக்கிவிடுகிறது. எழுதியவர் செல்வம், கந்தசாமி அவர் அப்பா! அப்புறம், தறிக்குடோனில் தார் (ஊடை நூல் சுற்றும் குச்சி) சுற்றும் ஓர் அக்காவிடம் மூன்று நாள் பேசினேன். அவரைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பதுங்க?

பதில் 1 (ஈரோடு):
கே. செல்வம் என்று அச்சாகியிருந்தால் கவலையில்லைங்க, 'செல்வம், கே.' சரியாகவே வரும். இனிஷியலை விரித்து எழுதும்போதுதான் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஜோட்டரோவில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்ற இரண்டு கட்டத்தையும் கையாலேயே மாற்றுங்கள். ஒற்றைப் பெயர்க்காரர் என்றால் பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக்கிவிடலாம். ஆனால் அவருடைய மற்ற கட்டுரைகளில் பெயர் எப்படி இருக்கிறதென்று முதலில் பாருங்கள். அவர் வைத்துக்கொண்ட முறைதான் முக்கியம். உங்கள் பெயரையும் இப்போதே ஒரே மாதிரி முடிவு செய்துகொள்ளுங்கள் கண்ணு. பின்னாடி மாற்றினால் பாதிக் கட்டுரைகள் வேறொருவருடையது போலக் கிடக்கும்.

பதில் 2 (பல்லடம்):
அந்த அக்கா பட்டியலில் வரவே கூடாதுங்க. வாசகர் தேடி எடுக்கக்கூடியதுதான் அங்கே வரும். ஓர் அதிகாரியிடம் போனில் தகவல் கேட்டிருந்தால் 'தனிப்பட்ட தொடர்பு' என்று தேதியோடு கட்டுரைக்குள்ளே மட்டும் குறிக்கலாம். இவர் உங்கள் ஆய்வில் பங்கேற்றவர். அவர் பேச்சு உங்கள் தரவு. எத்தனை பேரிடம், எங்கே, எப்படிப் பேசினீர்கள் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள். அவர் சொன்னதைப் புனைபெயரோடு மேற்கோளாகக் கொடுங்கள். உண்மைப் பெயரோ குடோன் பெயரோ வேண்டாம். சோமனூரில் 'தார் சுற்றும் இன்னார்' என்றாலே முதலாளிக்குத் தெரிந்துவிடும். கூலி பற்றி அவர் பேசியதற்கு அவர் வேலை போகக்கூடாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. வரைவில் அவர் பெயரையும் தெருவையும் அப்படியே போட்டிருந்தேன், இப்போதே எடுத்துவிட்டேன். என்ன பெயர் வைக்கலாம் என்று அவரிடமே கேட்கிறேன். இன்று அவருக்கு ராத்திரி ஷிப்ட், காலையில் போகணும்.