முதல் நாள் ரிடுக்ஸிமாப்: சொல்லாமல் விட்ட அரிப்பு

மீனாட்சி:
ஃபாலிகுலர் லிம்ஃபோமா (மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்) என்று தெரிந்தபின் மூன்று ஆண்டுகள் மருந்தில்லாமல் கண்காணிப்பிலேயே இருந்தேன். அந்தக் காத்திருப்பு உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். கழுத்துக் கட்டிகள் பெருகியதும் ரிடுக்ஸிமாப் என்ற மருந்தை நரம்பு வழியே சொட்டாக ஏற்றத் தொடங்கினார்கள். மணிக்கு 50 மில்லிகிராமில் ஆரம்பித்து, அரை மணிக்கு ஒருமுறை சொட்டின் வேகத்தைக் கூட்டினார்கள். மூன்றாவது முறை கூட்டியபோது தொண்டைக்குள் இறகால் வருடியதுபோல் ஓர் அரிப்பு எழுந்தது. "சின்ன மாற்றம் என்றாலும் சொல்லுங்கள் அம்மா" என்று செவிலியர் இருமுறை சொல்லியிருந்தும், மருந்தை அடியோடு நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் நான் வாய் திறக்கவில்லை. பத்து நிமிடத்தில் கட்டில் கம்பி கடகடவென்று ஆடும் அளவுக்கு நடுக்கம் வந்துவிட்டது. அவர் ஓடிவந்து சொட்டை அடைத்தார். நடுக்கம் அடங்கியபின் பாதி வேகத்தில் ஏற்றி, அன்றே முடித்தார்கள். அந்தப் பத்து நிமிடம் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

இரகுநாதன்:
நீங்கள் பேசாமல் இருந்ததால்தான் நடுக்கம் வந்தது என்பதுபோல் எழுதியிருப்பது சரியல்ல. மருந்து பி செல்களின் (இந்தப் புற்றுநோய் தோன்றும் வெள்ளணு வகை) மேலுள்ள சிடி20 புரதத்தைப் பற்றி அவற்றை அழிக்கும்போது, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் வெளிப்படுகின்றன. முதல் தடவை அழிய வேண்டிய செல்கள் மிகுதி என்பதால் எதிர்வினையும் மிகுதி. என் மனைவிக்கும் முதல் நாள் குளிர் கண்டது, இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை. புதிதாகத் தொடங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்று. இப்போதுள்ள தொற்றைக் காட்டும் மேற்பரப்பு ஆன்டிஜென் இல்லை என்று வந்தால் மட்டும் போதாது, பழைய தொற்றையும் காட்டும் கோர் எதிர்ப்பொருள் சோதனையும் வேண்டும். பழைய தொற்று உறங்கிக் கிடந்தால், சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்தும் அது கிளர்ந்தெழுந்து கல்லீரலைக் கெடுக்கலாம். தொற்றின் தடயம் தெரிந்தால் தடுப்பு மாத்திரை தருவார்கள். அதை நாமாக நிறுத்தக் கூடாது. போட வேண்டிய தடுப்பூசிகளையும், இயன்றால், நான்கு வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். பி செல்கள் இல்லாத உடலில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது.

ஜெயந்தி:
இரகுநாதன் ஐயா, காரணம் நீங்கள் சொன்னதுதான். ஆனால் மீனாட்சி அக்காவின் உறுத்தல் காரணத்தைப் பற்றியது அல்ல. அரிப்பு தொடங்கியதுமே சொல்லியிருந்தால் சொட்டு அப்போதே நின்றிருக்கும். என் அப்பாவுக்கு இதே நோய் திரும்பியபின் மொசுனெடுஸுமாப் என்ற வேறொரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். முதல் வாரம் 1, அடுத்த வாரம் 2, மூன்றாம் வாரம் 60 மில்லிகிராம் என்று படிப்படியாக ஏற்றுவதே இந்த எதிர்வினையை அடக்கத்தான். காய்ச்சல் வந்தால் எந்நேரமானாலும் அழைக்கச் சொல்லியிருந்தார்கள். 60 கொடுத்த இரவு, விடியும் முன் எழுந்து பார்த்தேன். அப்பா விழித்தபடி படுத்திருக்க, தலையணைக்கடியில் இருந்த வெப்பமானி 38.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். "நீ இப்போதுதானே கண் அயர்ந்தாய்" என்றார்.