மிமி பிழைத்துக்கொண்டாள்

குழு: தாத்தா வீடு
ஞாயிறு, மாலை 6.40

திவ்யா: நேற்று ராத்திரி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் ‘லா போயம்’ பார்த்தேன். புச்சினி இசையமைத்த ஓபரா, வசனத்தைக் கூடப் பாடியே நடிக்கிற நாடகம். உச்சி மாடியில் கடைசி வரிசை. மேடை தீப்பெட்டி மாதிரிதான் தெரிந்தது. ஆனாலும் அழுதுவிட்டேன்.

கலா: குளிரில் தனியாகவா திரும்பி வந்தாய்? சாப்பிட்டாயா?

திவ்யா: தோழி கூட இருந்தாள் அம்மா. சாப்பிட்டேன்.

கார்த்திக்: அக்கா, போன வருடம் உங்கள் கல்லூரியில் போட்டார்களே ‘ரென்ட்’ என்ற இசை நாடகம், அதுவும் இதே கதைதானே?

திவ்யா: அதேதான்! ஓபராவில் பாரிஸ் நகரத்து ஏழைக் கலைஞர்கள், குளிர்காய விறகு கூட இல்லாத மாடி அறை. ரென்டில் நியூயார்க்கில் வாடகை கட்ட முடியாத இளைஞர்கள். ரொடோல்ஃபோ ரோஜர் ஆகிவிட்டான், கொலின் காலின்ஸ் ஆகிவிட்டான். மிமிக்கு மட்டும் அதே பெயர்.

ரவி: இதற்குப் பெயர் என்னம்மா? நம் ஊரில் சினிமாக்காரர் செய்தால் காப்பி என்கிறோம்.

திவ்யா: ஒளித்துச் செய்தால்தானே சித்தப்பா காப்பி? ரென்டில் ரோஜர் கிதாரில் மெட்டுத் தேடும்போது புச்சினியின் மெட்டு ஒன்றைத்தான் வாசிப்பான். புச்சினியும் கதையைத் தானாகக் கட்டவில்லை. ஆன்ரி முர்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது அது. அதே கதையை லியோன்கவாலோ என்ற இன்னொரு இசையமைப்பாளரும் ஓபரா ஆக்கினார். இரண்டு பேருக்கும் பத்திரிகையிலேயே சண்டை. புச்சினியுடையது 1896இல் டூரினில் வந்தது, மற்றது 1897இல் வெனிஸில்.

ரவி: ஒரே கதை, அடுத்தடுத்த வருடம்! எது நின்றது?

திவ்யா: இன்றைக்கு எல்லா ஊரிலும் போடுவது புச்சினியுடையதைத்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மிமி மெழுகுவத்தி அணைந்துபோய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டும் காட்சி புச்சினியிலும் ரென்டிலும் உண்டு. ஓபராவில் அவள் சாவியைத் தொலைத்துவிடுவாள், இருட்டில் இருவரும் தரையில் தடவுவார்கள். சாவி அவன் கையில் கிடைத்ததும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான், அவள் போய்விடக் கூடாதே என்று. ரென்டில் அவள் தேடுவது ஹெராயின் பொட்டலம். ரோஜரும் அதை எடுத்துப் பைக்குள் போடுகிறான். அதே அசைவுதான். ஆனால் இவன் ஒளிப்பது அவள் உயிரைக் குடிக்கிற பொருளை. அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பத்மா: அந்தப் பெண்ணுக்கு என்ன வியாதி திவ்யா?

திவ்யா: ஓபராவில் காசநோய் அத்தை. ரென்டில் எச்.ஐ.வி.

பத்மா: இதை யார் மாற்றினார்கள்?

திவ்யா: ஜோனதன் லார்சன். பாட்டு, இசை, வசனம் எல்லாம் அவர். முதலில் யோசனை சொன்னவர் பில்லி ஆரன்சன். லார்சனின் நண்பர்கள் சிலருக்கே எச்.ஐ.வி. இருந்தது.

பத்மா: ரவிக்குத் தெரியும், நான் தாம்பரம் சானடோரியத்தில் நர்ஸாக இருந்தேன். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், 1928இல் ஆரம்பித்த இடம் அது. 90களில் அதே வார்டுகளுக்கு எச்.ஐ.வி. நோயாளிகள் வர ஆரம்பித்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் காசநோயும் இருக்கும். துணைக்கு ஆள் இருக்காது. கொண்டுவந்து விட்டவர்கள் மறுபடி வரமாட்டார்கள். ஒரு நோயை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார் என்கிறாய். எங்களுக்கு இரண்டும் ஒரே கட்டிலில் இருந்தது.

கலா: அண்ணி, இதை நீங்கள் சொன்னதே இல்லையே.

பத்மா: யாரும் கேட்கவில்லை கலா. சரி, முடிவு என்ன? அவள் இறந்துபோகிறாளா?

திவ்யா: ஓபராவில் இறந்துவிடுகிறாள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், ரொடோல்ஃபோவுக்குத்தான் கடைசியில் தெரியும். ரென்டில் ரோஜர் தன் பாட்டைப் பாடி முடிக்கிறான், அவள் கண் மூடிவிடுகிறாள், அவன் பெயர் சொல்லிக் கத்துகிறான். அப்புறம் அவள் விரல் அசைகிறது. பிழைத்துக்கொள்கிறாள்.

ரவி: இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அழ வைத்துவிட்டு, ஆள் உயிரோடு இருக்கிறாள் என்றால் எப்படி? புச்சினிக்கு அந்தத் துணிச்சல் இருந்தது.

திவ்யா: சாவே இல்லாமல் இல்லை சித்தப்பா. ஓபராவில் அந்த மாடி அறை நண்பர்களில் ஒருவன் ஷோனார், அவன் சாகமாட்டான். ரென்டில் அவன் இடத்தில் வருவது ஏஞ்சல். அத்தனை பேருக்கும் செல்லம், இறந்துபோவதும் ஏஞ்சல்தான். லார்சன் சாவை இடம் மாற்றி வைத்திருக்கிறார். நண்பர்களைப் புதைத்தவர், ஒருத்தியையாவது எழுப்பிவிட நினைத்திருக்கிறார். அதை நான் பலவீனம் என்று சொல்லமாட்டேன்.

பத்மா: ரென்ட் எந்த வருடம் வந்தது?

திவ்யா: 1996இல் அத்தை, ஓபரா வந்து சரியாக நூறு வருடம். கடைசி ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போன லார்சன் ஜனவரி 25 விடியற்காலையில் இறந்துவிட்டார். வயது 35. இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. முதல் காட்சியைக் கூட அவர் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 5,123 காட்சிகள்.

கலா: அடக் கடவுளே.

பத்மா: எச்.ஐ.வி.க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து வந்ததும் அதே வருடம்தான். நம் ஊரில் 2004இல்தான் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டு நாள் தாங்காது என்று நாங்கள் நினைத்த ஒரு பெண், மருந்து ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து வார்டுக்கு நடந்து வந்தாள், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு. எனக்கு அடையாளமே தெரியவில்லை. ரவி, அந்த முடிவு பொய் இல்லை.

கார்த்திக்: அத்தை 🙏

ரவி: சரி அக்கா. புச்சினியைப் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் நீங்கள் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

பத்மா: திவ்யா, அது பார்க்கக் கிடைக்குமா?

திவ்யா: 2008இல் பிராட்வேயில் போட்ட கடைசிக் காட்சியைப் படம் பிடித்து டிவிடி ஆக வெளியிட்டார்கள் அத்தை. பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன்.

பத்மா: எடுத்து வா. எழுத்து ஓடினால் போதும், எனக்குக் காது மந்தமாகிவிட்டது.

ரவி: ஓபராவும் வேண்டும். முதலில் அது, அப்புறம் இது.